விசுவாசமும் சந்தேகமும்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் பக்கத்து அன்பியக் கூட்டங்களிலும் (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் சிறு குழுக்கள்), பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும், துஷ்டி வீடுகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்கிறவர்களில் கத்தோலிக்கர்கள் அதிகம், மற்ற சபைக்காரர்களும் உண்டு. வேத வசனத்தை நம் வீட்டுக்கும் வள்ளத்துக்கும் கடனுக்கும் பக்கத்தில் வைத்துப் பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

மனதில் சந்தேகம் வந்தாலே பாவமா?

இல்லை. மாற்கு நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறார். அவருடைய மகனுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு மாதிரி வந்து, நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்துவிடுவான். சீடர்களிடம் காட்டிப் பார்த்தார், அவர்களால் முடியவில்லை. நொந்துபோய் இயேசுவிடம், உம்மால் ஏதாவது செய்ய முடிந்தால் செய்யும் என்கிறார். "முடிந்தால்" என்ற அந்த வார்த்தையை இயேசு அப்படியே பிடித்துக்கொள்கிறார். உடனே தகப்பன் கதறுகிறார்: "நான் நம்புகிறேன். என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்." நம்பிக்கையும் நம்பிக்கையின்மையும் ஒரே மூச்சில் வருகின்றன. போய் முழுசாக நம்பிவிட்டு அப்புறம் வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பையனைக் குணமாக்கினார்.

மத்தேயு நற்செய்தியின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவர் கலிலேய மலையில் நிற்கிறார். சீடர்கள் பணிந்து வணங்குகிறார்கள், சிலரோ ஐயப்பட்டார்கள் என்று 28:17 சொல்கிறது. உலகமெங்கும் போய்ச் சீடராக்குங்கள் என்ற பொறுப்பை அவர் அந்தக் கூட்டத்திடம்தான் கொடுத்தார். ஐயப்பட்டவர்களைத் தனியாகப் பிரித்து நிறுத்தவில்லை.

சந்தேகம் வருவதை நாம் தடுக்க முடியாது. அதை எடுத்துக்கொண்டு யாரிடம் போகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஆண்டவரிடமே கொண்டுபோய்ச் சொன்னால் அதுவும் ஜெபம்தான். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

அப்படியானால் யாக்கோபு மட்டும் ஏன், ஐயப்படுகிறவன் கடல் அலையைப் போன்றவன் என்கிறார்?

யாக்கோபு 1:6 ஆறுதல் தருகிற வசனம் இல்லைதான். ஆனால் தொடர்ந்து 8-ஆம் வசனம் வரை வாசியுங்கள். அவர் கண்டிப்பது இருமனம் உள்ளவரை, அதாவது இந்தப் பக்கமும் ஒரு கால், அந்தப் பக்கமும் ஒரு கால் வைத்திருப்பவரை. வாடை அடித்தால் தெற்கே தள்ளும், மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் வேறு பக்கம் தள்ளும். அலைக்கென்று சொந்தமாகப் போக்கு கிடையாது என்பது நம் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கிவிட்டு, திங்கட்கிழமை படகு நஷ்டத்துக்கு யார் வைத்த செய்வினை என்று குறி கேட்கப் போவது. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டே பங்காளியை ஏமாற்றிக் கணக்கு எழுதுவது. யாக்கோபு குறிவைப்பது இதைத்தான். ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, ஆண்டவரே நீர் இருக்கிறீரா என்று அழுகிற பெண்ணை அவர் கண்டிக்கவில்லை.

குறி கேட்பதில் அப்படி என்ன தப்பு? மனசுக்கு ஒரு தெளிவு கிடைக்கிறதே.

இணைச்சட்டம் 18:10-12 இதைத் தெளிவாக விலக்குகிறது. எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. குறி சொல்பவர் பெரும்பாலும் கைகாட்டுவது பக்கத்து வீட்டுக்காரியை அல்லது வீட்டுக்கு வந்த மருமகளை. அதற்கப்புறம் அந்த இரண்டு வீடும் சேர்வதே இல்லை.

வீட்டுக்காரர் கடலுக்குப் போனால் அவர் திரும்பும் வரை எனக்குப் பயம். இது விசுவாசக் குறைவா?

பயம் வேறு, அவிசுவாசம் வேறு. சீடர்கள் இயேசுவோடு படகில் போகும்போது கலிலேயக் கடலில் புயலில் சிக்கியதைச் சொல்லும் மாற்கு 4:35-41 உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும்.

கலிலேயக் கடல் என்பது உண்மையில் ஒரு ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் 13 கிலோமீட்டர் இருக்கும். கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, மலைகளுக்கு நடுவில் கிடக்கிறது. மலை இடுக்குகளின் வழியே காற்று திடீரென்று இறங்கினால் சற்று நேரத்தில் தண்ணீர் கொந்தளித்துவிடும். நம் பாக் நீரிணையும் ஆழம் குறைந்ததுதான். காற்று ஏறினால் அலை எப்படிக் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து படகை அடிக்கும் என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

அன்று படகில் இருந்தவர்களில் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் நாலு பேரும் தொழில்காரர்கள். அந்தத் தண்ணீரில் வளர்ந்தவர்கள். அவர்களே பயந்தார்கள் என்றால் அது பயப்பட வேண்டிய காற்றுதான். இயேசு படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் எழுப்பிய விதத்தைக் கவனியுங்கள்: நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா? பூசையில் நாம் சொல்கிற மாதிரி மரியாதையான ஜெபமா அது? கோபமும் குற்றச்சாட்டும் கலந்தது. மாற்கு சொல்கிறபடி அவர் முதலில் எழுந்து காற்றையும் கடலையும் அடக்கினார், அதற்கப்புறம்தான் ஏன் அஞ்சுகிறீர்கள் என்று கேட்டார்.

பயத்தோடு அவரை எழுப்பினார்களே தவிர, பயத்தால் அவரை விட்டு ஓடவில்லை. நீங்களும் அதையே செய்கிறீர்கள். கரையில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லும்போது கை நடுங்கினால் நடுங்கட்டும். செல்போனில் சிக்னல் வருகிறதா என்று நடுவில் எடுத்துப் பார்ப்பதையும் ஆண்டவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். ஆண்டவர் காப்பாற்றுவார் என்று நம்பிக் கடலுக்குப் போகலாமா?

போகாதீர்கள். இதை எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சாத்தான் சொன்னபோது திருப்பாடல் வசனத்தைத்தான் எடுத்துக் காட்டினான். இயேசு சொன்ன பதில், "உன் கடவுளாகிய ஆண்டவரைச் சோதிக்க வேண்டாம்" (மத்தேயு 4:7). எச்சரிக்கையை மீறிப் போவது விசுவாசம் மாதிரி தெரியும், உண்மையில் அது இந்தக் குதிப்புதான்.

திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தைக் கடல் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது முழுதாக வாசிக்க வேண்டும். பவுலைக் கைதியாக ரோமைக்குக் கொண்டுபோகிறார்கள். பருவம் தப்பிவிட்டது, இனிமேல் பயணம் ஆபத்து, கிரேத்துத் தீவிலேயே தங்குவோம் என்று பவுல் எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவரோ கப்பலோட்டியையும் கப்பல் சொந்தக்காரரையும்தான் நம்பினார். தெற்கிலிருந்து இதமான காற்று வீசியதும் கிளம்பிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வடகிழக்கிலிருந்து, நம் ஊர் வாடை அடிக்கிற திசையிலிருந்து, பேய்க்காற்று. பல நாள் சூரியனும் தெரியவில்லை, விண்மீனும் தெரியவில்லை. சரக்கைத் தூக்கிக் கடலில் போட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வானதூதர் பவுலுக்கு வாக்குக் கொடுக்கிறார்: கப்பலில் இருக்கிற ஒருவர் உயிரும் போகாது. வாக்குக் கிடைத்துவிட்டதே, இனிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாமே? இல்லை. பதினாலாம் ராத்திரி கரை நெருங்குவது போலத் தெரிந்ததும் ஆழம் பார்க்கிறார்கள். முதலில் இருபது பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி), கொஞ்சம் தள்ளிப் போனதும் பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடுவோமோ என்று பின்புறத்திலிருந்து நாலு நங்கூரம் இறக்குகிறார்கள். கப்பலாட்கள் சிலர் கப்பலின் முன்பக்கமான அணியத்தில் நங்கூரம் போடப் போவது போலப் பாசாங்கு செய்து, சிறு படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று பவுல் சொல்கிறார். அதே பவுல்தான், ஒருவரும் சாகமாட்டார்கள் என்ற வாக்கைக் கையில் வைத்திருந்தவர்! தொழில் தெரிந்தவர்கள் படகில் இருந்தால்தான் அந்த வாக்கு நிறைவேறும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. எல்லோரையும் சாப்பிடச் சொல்லி, தானும் அப்பத்தை எடுத்து நன்றி சொல்லிச் சாப்பிட்டார். கப்பல் உடைந்தது. 276 பேரும் மால்தா தீவில் கரை சேர்ந்தார்கள்.

ஆகவே வானிலை அறிவிப்பைக் கேட்பதும், லைஃப் ஜாக்கெட் போடுவதும், கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் கொடுக்காத நாளில் கரையில் இருப்பதும் விசுவாசத்துக்கு எதிரானவை இல்லை. கடன் நெருக்குகிறது, ஒரு நாள் போகாவிட்டால் வட்டி ஏறும் என்பது எனக்குத் தெரியும். அந்த நெருக்கடியை ஆண்டவர் பெயரால் மூடாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது கடவுளின் தண்டனை என்று சில பெரியவர்கள் சொல்கிறார்களே?

1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி, கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, கடல் ஏறிவந்து ஊரைக் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அதில் வந்தவர்களோடு சேர்ந்து போயிற்று. அங்கே இன்றும் நிற்கிற கோயில் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். கோயில் இருந்த ஊர், ஜெபித்த ஜனங்கள்.

லூக்கா 13:4-இல் இயேசுவே இந்தக் கேள்வியை எடுக்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். செத்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல், உயிரோடிருக்கிற நீங்கள் மனம் மாறுங்கள் என்று கேட்கிறவர்கள் பக்கம் திரும்புகிறார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும் (யோவான் 9) அவர் இரண்டையும் மறுத்தார்.

ஏன் நடந்தது என்ற கேள்விக்கு இதில் முழுப் பதில் இல்லை. ஆனால் தண்டனை என்ற பதிலை ஆண்டவரே தள்ளிவிட்டார். அதை நாம் மறுபடி எடுத்துப் பேசக்கூடாது, அதுவும் அந்த ராத்திரியில் சொந்தங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்தத் தீவில் இருக்கும்போது.

எவ்வளவோ ஜெபித்தும் குணமாகவில்லை. "உனக்கு விசுவாசம் போதாது" என்று ஜெபக் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

அப்படிச் சொன்னவர்கள் உங்கள் நோயோடு இன்னொரு பாரத்தையும் ஏற்றிவிட்டார்கள். வேதத்தில் அதற்கு ஆதாரம் தேடினால் கிடைப்பது வேறு.

பவுலின் கைபட்ட துணிகளை நோயாளிகள் மேல் வைத்தபோது அவர்கள் குணமானார்கள் (திருத்தூதர் பணிகள் 19:12). அதே பவுல் தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடியும் எடுக்கப்படவில்லை. "என் அருள் உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12:9). கூட ஊழியம் செய்த துரோப்பிமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று 2 திமொத்தேயு 4:20-இல் எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் போதாதா? எபிரேயர் 11-ஆம் அதிகாரம் வென்றவர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, கல்லெறிபட்டவர்களையும் வாளால் வெட்டுண்டவர்களையும் அதே பட்டியலில் வைக்கிறது. வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே போனவர்கள், ஆனாலும் நம்பிக்கையால் நற்சான்று பெற்றவர்கள் என்கிறது.

மாற்கு 2-இல் முடக்குவாதமுற்றவரை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு இயேசு அவரிடம் பேசினார். படுத்திருந்தவருக்கு நம்பிக்கை இருந்ததா என்று யாரும் பரீட்சை வைக்கவில்லை. ஒருவர் படுத்திருக்கும்போது நம்புவது தூக்கிவந்தவர்களின் வேலை. ஆக, விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் கூட்டம் முதலில் கூரை மேல் ஏறட்டும்: ஆஸ்பத்திரிக்குக் கூட வரட்டும், ராத்திரி துணைக்குப் படுக்கட்டும், பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிக் கொடுக்கட்டும்.

ஜெபத்தின் மேல் நம்பிக்கை வைத்து மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. சர்க்கரை மாத்திரை, காசநோய் மாத்திரை, மனநலத்துக்கான மாத்திரை எதுவானாலும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். கத்தோலிக்க பைபிளில் உள்ள சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம், மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சொல்லி, ஜெபம் செய், பிறகு மருத்துவருக்கு இடம் கொடு என்கிறது. சீராக் இல்லாத பைபிள் வைத்திருப்பவர்கள் கொலோசையர் 4:14-ஐப் பாருங்கள், நற்செய்தி எழுதிய லூக்காவைப் பவுல் அன்பான மருத்துவர் என்றே அழைக்கிறார்.

எல்லை தாண்டி மீன்பிடித்ததாக வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மாதக்கணக்கில் இலங்கைச் சிறை. கடவுள் எங்களை மறந்துவிட்டாரா என்று தோன்றுகிறது.

இது மாதிரி ஒரு கேள்வியைத் திருமுழுக்கு யோவானும் கேட்டார், சிறைக்குள் இருந்துதான் கேட்டார். யோர்தான் ஆற்றில் இயேசுவைச் சுட்டிக்காட்டிய மனிதர், ஏரோதின் சிறையில் கிடந்தபோது சீடர்களை அனுப்பி, வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா என்று கேட்கிறார் (மத்தேயு 11:3).

இயேசுவின் பதிலைக் கவனமாக வாசியுங்கள். பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று அடுக்குகிறார். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயாவை வாசித்தபோது சிறைப்பட்டோர் விடுதலையும் அந்தப் பட்டியலில் இருந்தது (லூக்கா 4:18). யோவானுக்கு அனுப்பிய பதிலில் அது இல்லை. யோவான் அதைக் கவனித்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் சிறையிலிருந்து உயிரோடு வெளியே வரவும் இல்லை. இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு இன்னமும் வலிக்கிறது, இதை மென்மையாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆனால் அடுத்து நடந்ததையும் வாசியுங்கள். தூது வந்தவர்கள் திரும்பிப் போனதும் இயேசு கூட்டத்தைப் பார்த்து, பெண்களிடம் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவர் யாருமில்லை என்கிறார். கொஞ்சம் முன்னால்தான் அவர் சந்தேகப்பட்டுக் கேள்வி அனுப்பியிருந்தார்! அந்தக் கேள்வியால் அவருடைய மதிப்பு ஆண்டவரின் கண்ணில் குறையவே இல்லை.

அங்கே அவருக்கு நீதிமன்றத் தேதி எப்போது என்று தெரியாமல், படகும் போய், இங்கே பிள்ளைகளோடு நிற்கிற உங்களுக்கு, உங்கள் கேள்வியை அப்படியே கேளுங்கள் என்றுதான் சொல்வேன். மற்றவர்களுக்கு எபிரேயர் 13:3: சிறைப்பட்டவர்களோடு நீங்களும் சிறைப்பட்டிருப்பதாக எண்ணி அவர்களை நினைவில் வையுங்கள். கூட்டத்தில் ஒரு மன்றாட்டுச் சொல்லிவிட்டுக் கலைவது அதற்குப் போதாது. அந்த வீட்டுக்கு அரிசி போக வேண்டும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் போக வேண்டும், மனுக் கொடுக்க அலுவலகத்துக்குக் கூட ஒரு ஆள் போக வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானமே இல்லை. "கவலைப்படாதீர்கள்" என்ற வசனத்தைக் கேட்டால் எரிச்சல் வருகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும். நிவாரணத் தொகை வந்தாலும் வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும் குழுக் கடன் தவணையும் காத்திருக்காது. கவலைப்படாதீர்கள் என்கிற மத்தேயு 6-ஐ, வயிறு நிறைந்தவர் பசித்தவரைப் பார்த்துச் சொன்னால் எரிச்சல் வரத்தான் செய்யும். யாக்கோபு 2:15-16 அதைத்தான் கண்டிக்கிறது: சாப்பாடு இல்லாதவரிடம், போய் வயிறாரச் சாப்பிடுங்கள் என்று வாயால் மட்டும் சொல்வதால் என்ன பயன்?

இயேசு திட்டமிடுவதைத் தடுக்கவில்லை. ஏழு விளைச்சல் வருடங்களில் தானியம் சேர்த்து, ஏழு பஞ்ச வருடங்களைக் கடத்திய யோசேப்பும் (தொடக்கநூல் 41) கடவுளை நம்பியவர்தான். மாசி, பங்குனியில் கொஞ்சம் ஒதுக்கி வைக்க முடிந்தால் வையுங்கள். கடல்பாசி எடுக்கப் போகிற வீட்டுப் பெண்ணின் வருமானத்தையும் அவளைக் கேட்டுச் செலவு செய்யுங்கள். அன்பியத்தில் சிறு சேமிப்பு தொடங்கினால் அதுவும் மத்தேயு 6-ஐக் கடைப்பிடிக்கிற வழிதான்.

கச்சத்தீவு அந்தோணியாருக்கும் ஓரியூர் அருளானந்தருக்கும் நேர்த்தி வைக்கிறோம். இது கடவுளோடு பேரம் பேசுவது ஆகாதா?

அன்னாவும் நேர்ந்துகொண்டார், சாமுவேலைப் பெற்றதும் அதை நிறைவேற்றினார் (1 சாமுவேல் 1). நன்றியாக வைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கோயில் பக்கமே வரமாட்டேன் என்ற எண்ணம் உள்ளே இருந்தால் அது பேரம். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்ட அருளானந்தரிடம் போய், கஷ்டமே வரக்கூடாது என்று மட்டும் கேட்பது பொருந்துமா என்றும் யோசியுங்கள். கஷ்டத்திலும் நிலைத்திருக்கும் தைரியத்தை அவரிடம் கேட்கலாம்.

"ஐயப்பட்ட தோமா"வைத் திட்டியே பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவர் அவ்வளவு மோசமானவரா?

உயிர்த்த ஆண்டவர் சீடர்களிடம் வந்தபோது தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்ததைத்தான் அவர் கேட்டார். ஆண்டவர் அவர்களுக்குத் தம் கைகளையும் விலாவையும் காட்டியிருந்தார் (யோவான் 20:20). தோமா நம்பாமல் இருந்த அந்த எட்டு நாளும் மற்றச் சீடர்கள் அவரைச் சேர்த்தே வைத்திருந்தார்கள். அதனால்தான் ஆண்டவர் மறுபடி வந்தபோது அவரும் அறைக்குள் இருந்தார். "நீர் என் ஆண்டவர், நீர் என் கடவுள்" என்ற அறிக்கை அவர் வாயிலிருந்துதான் வந்தது. நம் தமிழ் மண்ணுக்கு நற்செய்தி கொண்டுவந்தவர் என்று மரபு சொல்வதும் அவரைத்தான்.

சென்னையில் படித்துவிட்டு வந்த மகன், கடவுள் இல்லை என்கிறான், பூசைக்கு வருவதில்லை.

தோமாவின் அந்த எட்டு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடாதீர்கள், சொந்தக்காரர்கள் முன்னால் மட்டம் தட்டாதீர்கள். யூதா 22, ஐயப்படுகிறவர்களுக்கு இரக்கம் காட்டுங்கள் என்கிறது. நாசரேத்திலிருந்து நல்லது ஏதும் வருமா என்று நத்தனியேல் கேட்டபோது பிலிப்பு வாதாடவில்லை, வந்து பாரும் என்றார் (யோவான் 1:46). பையன் எதைப் பார்த்து வெறுத்துப் போனான் என்று கேளுங்கள். கோயில் கணக்குச் சண்டையா, சாதிப் பேச்சா, ஒரு நண்பனின் சாவா? பெரும்பாலும் அவன் சொல்வதில் நாம் திருந்த வேண்டிய விஷயமும் இருக்கும்.

எனக்கு ஜெபிக்கவே முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் தூங்குங்கள், சாப்பிடுங்கள். என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று எலியா சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தூதர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்று சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், அவர் மறுபடி தூங்கி எழுந்ததும் இன்னொரு தடவை கொடுத்தார் (1 அரசர்கள் 19). எலியாவைப் போலச் சாக வேண்டும் என்ற எண்ணமே வந்தால் தனியாக இருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்லி, மருத்துவரையும் பாருங்கள்.

அப்புறம் திருப்பாடல் 13. எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்றுதான் அது தொடங்குகிறது. ஆறே வசனம், உங்களுக்கு வார்த்தை வராதபோது தாவீதின் வார்த்தையை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் முடிவில் வரும் மகிழ்ச்சி உங்களுக்குப் பொய்யாகத் தோன்றினால் திருப்பாடல் 88-க்குப் போங்கள், அது கடைசி வரி வரை இருட்டிலேயே இருக்கிறது, ஆனாலும் வேதத்தில் இருக்கிறது.

அதுவும் வாசிக்க முடியாத நாளில், அன்பியத்தில் நம்பிக்கையான ஒருவரிடம், எனக்காக நீங்கள் சொல்லுங்கள் என்று கேளுங்கள். கொஞ்சம் தெம்பு வந்ததும் மாற்கு நற்செய்தியை முதலிலிருந்து எடுங்கள். 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒன்று போதும், புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், அந்தக் கோடுகளோடு கூட்டத்துக்கு வாருங்கள்.